கதவைத் திறவுங்கள், வாத்தியாரே!

சங்கீத வித்வான் ஒருவர் கச்சேரி செய்யும்போது முன் வரிசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ரஸிகர்கள் மட்டுமல்ல, அதே தொழிலில் பழுத்த இரண்டொரு வித்வான்களும் இருப்பார்கள். சில சமயம் தலையை ஆட்டுவார்கள். சில சமயம் ஆட்டாமலும் இருப்பார்கள். பாடுகிறவருக்கு இரண்டும் உபயோகமே. வக்கீல் வாதாடும்போது கோர்ட்டு முழுவதும் வக்கீல்கள். வைத்தியர் சிக்கலான நோயைக் கண்டால் இன்னொரு வைத்தியரைக் கலந்து ஆலோசிக்கிறார். தச்சுப் பட்டறையில் ஒருவர் உளி பிடிக்கும் விதத்தை அடுத்தவர் பார்த்துக்கொண்டேயிருக்கிறார். கல்யாணச் சமையலில்கூட, ரசத்தை இறக்குமுன் இன்னொருவர் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு ருசி பார்ப்பது வழக்கம்.

பள்ளிக்கூடத்து உபாத்தியாயரின் கதை மாத்திரம் வேறு. காலையில் மணி அடிக்கிறது, வகுப்புக்குள் போகிறார், கதவு சாத்தப்படுகிறது. முப்பது வருஷம் இப்படியே போகிறது. அந்த முப்பது வருஷத்தில் அவர் பாடம் சொல்லுவதை, அவருடைய தொழில் தெரிந்த இன்னொருவர் முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதுண்டா என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒருவர்தான் அகப்படுவார்: இன்ஸ்பெக்டர். அவரோ கேட்டுக் கற்க வந்தவரல்லர். ரிஜிஸ்தரைப் பார்க்க வந்தவர்.

இதனால் என்ன நஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம். சிறிய உதாரணம் ஒன்று சொல்லுகிறோம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் 52-இலிருந்து 28-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சில குழந்தைகளாவது 36 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து எட்டுப் போகாது. ஆகையால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டு, நிம்மதியாக அடுத்த ஸ்தானத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தவறுக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டறிந்து, ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டி, குழந்தையின் முகத்தில் வெளிச்சம் வரும்படி செய்கிற உபாத்தியாயினிகள் நமது நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த தெருப் பள்ளியில் அதே கணக்கோடு முட்டிக்கொண்டிருக்கும் உபாத்தியாயருக்கு அந்த வித்தை தெரியாது. அந்த அம்மாள் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது வித்தையும் அவரோடு போய்விடுகிறது. தேசத்தின் சொத்து இவ்வாறு நாள்தோறும் நஷ்டமாகிறது; எந்தப் பட்ஜெட்டிலும் அதற்குக் கணக்கு இல்லை.

1966-இல் எழுதிய மருந்துச் சீட்டு

இந்த நோயை நமது பெரியவர்கள் அறியாமலில்லை. 1964-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்திய சர்க்கார் ஒரு கல்விக் கமிஷனை நியமித்தது. பௌதிக சாஸ்திரத்தில் பேர்பெற்ற டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைவர், ஸ்ரீ ஜே. பி. நாயக் காரியதரிசி. தேசத்துக் கல்வி முழுவதையும் ஆராய்ந்து 1966-ஆம் வருஷம் ஜூனில் அவர்கள் கொடுத்த அறிக்கையில், அதிகமாகப் பேசப்படாத ஒரு யோசனை உண்டு. அதைப் ‘பள்ளித் தொகுதி’ என்று நாம் அழைக்கலாம்.

யோசனை மிகவும் எளிது. ஓர் உயர் ஆரம்பப் பள்ளியோடு சுற்றுப்புறத்துக் கீழ் ஆரம்பப் பள்ளிகள் பத்தைச் சேர்த்துவிடுவது. அவற்றின் தலைமை உபாத்தியாயர்கள் எல்லாரும் ஒரு கமிட்டியாகக் கூடுவது. இத்தகைய கூட்டங்கள் பலவற்றை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியோடு இணைப்பது. பெரிய பள்ளியின் புஸ்தகசாலையும் பரிசோதனைச் சாலையும் சிறிய பள்ளிக்கும் பயன்படும். ஒரு பள்ளியில் நல்ல கணக்கு வாத்தியார் இருந்தால், அவருடைய திறமை மற்றப் பள்ளிகளுக்கும் பாயும். கல்வி இலாகா ஒவ்வொரு பள்ளியையும் தனித்தனியாகக் கட்டி மேய்க்காமல், தொகுதியை ஒன்றாகப் பாவித்து, தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை அதனிடமே விட்டுவிட வேண்டும். பள்ளிகளின் தனிமை நீங்கவேண்டும், உபாத்தியாயர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கவேண்டும் என்ற இரண்டு எண்ணங்கள்தான் இதற்கு அஸ்திவாரம்.

பிறகு நடந்தது என்ன? 1994-ஆம் வருஷத்தில் தொடங்கிய மாவட்ட ஆரம்பக் கல்வித் திட்டத்திலும், அதன் பின் வந்த அனைவருக்கும் கல்வித் திட்டத்திலும், பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கு ஒரு வள மையம் ஏற்பட்டது. உபாத்தியாயர்கள் கூடிப் பேசுவதற்கென்று உண்டான இடம் அது. நாளடைவில் பல இடங்களில் அது புள்ளிவிவரப் படிவங்களைச் சேகரித்து மேலே அனுப்பும் தபாலாபீஸாகிவிட்டது. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் பள்ளிகளைச் சேர்த்துத் தொகுதி அமைக்கவேண்டும் என்று மறுபடியும் சொல்லுகிறது. முன்பு கமிஷன் சொன்ன யோசனை நிறைவேறாமலே நின்றுவிட்டது என்றும் அதே கொள்கை ஒப்புக்கொள்ளுகிறது. 54 வருஷங்களுக்குப் பிறகு பழைய மருந்துச் சீட்டின்மேல் புதிய தேதி போட்டிருக்கிறார்கள்! அக்கொள்கையின் மற்ற அம்சங்களைப் பற்றி மாநிலங்களுக்குள் பலத்த கருத்து வேற்றுமை உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே புகவில்லை. நோய் எல்லா மாநிலங்களுக்கும் பொது என்பதே நமது விஷயம்.

நோயின் அளவைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்குப் போதும். 2024-25-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விவரப்படி, நமது தேசத்தில் ஓராசிரியர் பள்ளிகள் மட்டும் 1 லட்சத்துக்கு மேல் இருந்தன. 33 லட்சத்துக்கு அதிகமான குழந்தைகள் அவற்றில் படித்தார்கள். அந்தப் பள்ளிகளில் உபாத்தியாயரும் அவரே, ஹெட்மாஸ்டரும் அவரே, குமாஸ்தாவும் அவரே. சந்தேகம் வந்தால் சுவரைத்தான் கேட்கவேண்டும்.

ஜப்பான் தேசத்து வழக்கம்

சரி, உபாத்தியாயர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது என்றால் நடைமுறையில் எப்படி? மாதம் ஒரு முறை கூடி, காப்பி குடித்து, சம்பளக் கமிஷனைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவதா? இதில் ஜப்பான் தேசத்தார் ஓர் உருப்படியான வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். மெய்ஜி சக்கரவர்த்தியின் காலத்தில், 1872-ஆம் வருஷத்தில் அந்நாடு புதுமுறைப் பள்ளிகளை ஏற்படுத்தத் தொடங்கியது முதல் படிப்படியாக வளர்ந்த வழக்கம் அது. ‘ஜுகியோ கென்க்யூ’, அதாவது ‘பாட ஆராய்ச்சி’ என்று அதற்குப் பெயர்.

ஒரு பள்ளியின் உபாத்தியாயர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, குழந்தைகளுக்குக் கடினமாக இருக்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுகிறார்கள். நாம் சொன்ன கழித்தல் கணக்கையே வைத்துக்கொள்ளுங்களேன். 52-இலிருந்து 28 என்று கொடுப்பதா, 13-இலிருந்து 9 என்று தொடங்குவதா? குழந்தை 36 என்று சொன்னால் அடுத்தபடி என்ன கேட்பது? இவற்றையெல்லாம் பல வாரங்கள் யோசித்துப் பாடத்தை எழுதுகிறார்கள். பிறகு ஒருவர் அதை வகுப்பில் நடத்துகிறார். மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்க்கிறார்கள். அவர்கள் கண்கள் உபாத்தியாயரின்மேல் இருப்பதைக் காட்டிலும் குழந்தைகளின் நோட்டுப் புஸ்தகங்களின்மேல்தான் அதிகமாக இருக்கும். எந்தக் குழந்தை எங்கே தயங்கியது, எதை எழுதி எதை அழித்தது என்று குறித்துக்கொள்ளுகிறார்கள். குழந்தைக்கு விடை சொல்லிக்கொடுப்பது கூடாது.

மாலையில் எல்லாரும் உட்காருகிறார்கள். பாடம் நடத்தியவரே முதலில் பேசுவது மரியாதை. “இந்த இடத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன்” என்று அவரே சொல்லிவிட்டால், மற்றவர்கள் பேசுவது சுலபமாகிறது. அங்கே விசாரணைக் கூண்டில் நிற்பது பாடமே தவிர உபாத்தியாயர் அல்ல. ஏனெனில் பாடம் எல்லாரும் சேர்ந்து எழுதியது. திருத்திய பாடத்தை மறுபடி இன்னொருவர் இன்னொரு வகுப்பில் நடத்திப் பார்ப்பதும் உண்டு. சில பள்ளிகள் குறிப்பிட்ட நாட்களில் கதவை அகலத் திறந்துவிட்டு மற்ற ஊர் உபாத்தியாயர்களையும் அழைக்கின்றன. நமது ஊரில் கச்சேரிக்குக் கூடுவதுபோல் அங்கே பாடத்துக்குக் கூட்டம் கூடுகிறது.

நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் மற்றொன்று. இந்த ஆராய்ச்சியை நடத்தும் பொறுப்பு ஹெட்மாஸ்டருடையது அன்று. உபாத்தியாயர்களிலேயே ஒருவர் அதற்குப் பொறுப்பாளராக இருக்கிறார். ஹெட்மாஸ்டர் பள்ளிக்குத் தலைவர். பாட ஆராய்ச்சிக்கு வேறொருவர் தலைவர். தலைமையைப் பங்கிட்டுக்கொடுத்ததனால் ஹெட்மாஸ்டரின் கௌரவம் குறைந்துவிட்டதாக அங்கே யாரும் வருந்துவதில்லை.

மதனப்பள்ளியிலிருந்து சென்னைக்கு

“ஜப்பான்காரர்களுக்குச் சரி, நமது ஊரில் நடக்குமா?” என்பது நாம் எதற்கும் கேட்கிற கேள்வி. நடந்திருக்கிறது என்பதே பதில்.

ஆந்திர தேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி என்ற இடம் இருக்கிறது. 1953-இல் ஆந்திரம் பிரியும் வரையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பூமி அது. மதனப்பள்ளியில் பிறந்த தத்துவஞானி ஸ்ரீ ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கருத்துக்களைத் தழுவி அங்கே ஒரு பள்ளி நடந்து வருகிறது. அப்பள்ளியைச் சேர்ந்த கிராமக் கல்வி நிலையத்தில் 1980-களின் பிற்பகுதியில் ஸ்ரீ பத்மநாப ராவும் ஸ்ரீமதி ராமாவும் வேலையை ஆரம்பித்தார்கள். சுற்றுக் கிராமங்களில் ஒற்றை அறைப் பள்ளிகளை ஏற்படுத்தினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே உபாத்தியாயர். வயது வேறுபட்ட குழந்தைகள் எல்லாரும் ஒரே அறையில். இத்தகைய அறையில் ஒரே பாடத்தை எல்லாருக்கும் உரத்துச் சொல்லுவது வீண். ஆகவே பாடத்தைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, அட்டைகளில் எழுதி, ஏணிபோல் வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறும். தெரிந்த குழந்தை தெரியாத குழந்தைக்குச் சொல்லும். மாணவர்களே கடை விரித்து, நிறுத்து, அளந்து, விற்று, கணக்குப் பழகும் சந்தைகளும் அங்கே நடைபெற்றன.

அந்த அட்டைகளை மேஜைமுன் உட்கார்ந்து அதிகாரிகள் எழுதவில்லை. வகுப்பறையின் அனுபவத்திலிருந்து அவை பிறந்தன; கிராமத்து உபாத்தியாயர்களின் கையில் பழகிப் பழகித் திருந்தின. தனித்தனியே ஒற்றை அறையில் இருந்தவர்கள், ஒரே நிலையத்தைச் சேர்ந்தவர்கள் ஆனபடியால் தனிமையில் இல்லை.

2003-ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியின் கமிஷனராக இருந்தவர் ஸ்ரீ எம். பி. விஜயகுமார். மாநகராட்சிப் பள்ளி உபாத்தியாயர்கள் சிலரை அவர் ரிஷி வேலிக்கு அனுப்பினார். அவர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, தமிழ்நாட்டுப் பாடத்துக்கு ஏற்றபடி தாங்களே தமிழில் அட்டைகளைத் தயாரித்தார்கள். 13 பள்ளிகளில் புது முறை தொடங்கியது. உபாத்தியாயர் நாற்காலியை விட்டு இறங்கிக் குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பாகத்தில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகைகள் தோன்றின. குழந்தைகள் வரைந்த படங்களைத் தொங்கவிடத் தலைக்குமேல் கயிறுகள் ஓடின. இந்தப் பள்ளிகளைப் பார்க்க அண்டைப் பள்ளி உபாத்தியாயர்கள் வந்தார்கள். பார்த்தவர்கள் தங்கள் பள்ளியில் செய்தார்கள். அவர்களைப் பார்க்க வேறு சிலர் வந்தார்கள். ‘செயல்வழிக் கற்றல்’ என்று பெயர் பெற்ற இந்த முறை, 2007-08-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு முழுவதும், சுமார் 37,000 ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவியது.

வேகமும் விவேகமும்

கதை இத்துடன் முடிந்தால் மங்களம் பாடிவிடலாம். ஆனால் உண்மையை முழுதும் சொல்லவேண்டும். 13 பள்ளிகளில் இந்த முறை உபாத்தியாயர்களின் சொந்தப் பிள்ளையாக இருந்தது. 37,000 பள்ளிகளுக்குப் போனபோது, பல இடங்களில் அது சுற்றறிக்கையின் பிள்ளையாயிற்று. ரிஷி வேலியைப் பார்த்தவருக்கு அட்டையின் உயிர் தெரியும். உத்தரவைப் பார்த்தவருக்கு அட்டையின் நம்பர்தான் தெரியும். அட்டைகள் மிக அதிகம், எழுதவேண்டிய பதிவுகள் அதிகம், எங்களைக் கேட்காமலே மேலிருந்து வந்துவிட்டது என்று உபாத்தியாயர்கள் குறைப்பட்டார்கள். பிள்ளைகளின் கையில் பாடப் புஸ்தகத்தைக் காணோமே என்று பெற்றோர்கள் கவலைப்பட்டார்கள். பிறகு முறை பலவாறு மாற்றப்பட்டது. 2022-ஆம் வருஷத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற வேறு திட்டம் வந்தது.

இதிலிருந்து, பெரிய அளவில் எதையும் செய்யக்கூடாது என்று முடிவு கட்டுவது தவறு. லட்சக்கணக்கான குழந்தைகள் காத்திருக்கும்போது, 13 பள்ளிகளோடு திருப்தியடைவது தர்மமாகாது. நாம் காணும் பாடம் வேறு: அட்டையை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம், அனுபவத்தை அப்படி அனுப்ப முடியாது. அது ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு, நேரில், நிதானமாகத்தான் போகும். நெருப்பு ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்குக்குப் போவதற்குத் திரியும் திரியும் தொட்டாக வேண்டும்.

ஆகையால் பள்ளித் தொகுதி என்ற ஏற்பாடு வருவதானால், அதில் இரண்டு அபாயங்களைத் தவிர்க்கவேண்டும். முதலாவது, தொகுதியின் தலைமைப் பள்ளி ஒரு குட்டி இலாகாவாகிவிடக் கூடாது. பெரிய பள்ளி ஹெட்மாஸ்டர் சிறிய பள்ளி உபாத்தியாயரை ‘விளக்கம் கேட்க’ ஆரம்பித்தால், அந்த நிமிஷமே பழைய கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் கலையில், உயர்நிலைப் பள்ளி எம்.ஏ. பட்டதாரிக்குக் கிராமத்து உபாத்தியாயினி குருவாக இருக்கக்கூடும். தொகுதியில் தலைமை பதவியைப் பொறுத்து ஓரிடத்தில் நிற்காமல், விஷயத்தைப் பொறுத்துக் கைமாறவேண்டும்: கணக்குக்கு ஒருவர், வாசிப்புக்கு ஒருவர், பேச்சுவராத குழந்தைகளைப் பழக்குவதற்கு ஒருவர்.

இரண்டாவது அபாயம் இதைவிடப் பெரிது. பள்ளிகளைச் ‘சேர்ப்பது’ என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கைகோத்து நிற்பதும் சேர்ப்புதான். ஒன்றை மூடி மற்றொன்றில் கொட்டுவதும் சேர்ப்புதான். ராஜஸ்தானத்தில் 2014-ஆம் வருஷத்தில் ஆயிரக்கணக்கான சர்க்கார் பள்ளிகள் வேறு பள்ளிகளோடு இணைக்கப்பட்டன. வீட்டுக்கு அருகே இருந்த பள்ளி தூரத்துக்குப் போனால், முதலில் நின்றுவிடுவது சின்னஞ்சிறு குழந்தைகளும் பெண் குழந்தைகளும் அல்லவா? சிறிய பள்ளியின் தனிமையைப் போக்குகிறோம் என்று சொல்லிச் சிறிய பள்ளியையே போக்கிவிட்டால், தலைவலிக்குத் தலையை வாங்கின கதைதான்.

நமது பங்கு

இதெல்லாம் சர்க்காரும் உபாத்தியாயர்களும் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று நமது குடும்பங்கள் ஒதுங்கிவிடலாகாது. நம்மில் பலர் குழந்தைகளைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்புகிறோம். அங்கே சாத்திய கதவுக்குப் பூட்டும் போட்டிருக்கிறது. ஒரு பள்ளியின் நல்ல முறை அடுத்த பள்ளிக்குத் தெரிந்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயம். படிப்பு என்பது கடைச் சரக்கா, மறைத்து வைப்பதற்கு? பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க்கை மட்டும் கேட்காமல், “உங்கள் உபாத்தியாயர்கள் இந்த வருஷம் வேறு பள்ளிக்குப் போய் ஒரு பாடமாவது பார்த்தார்களா? அவர்கள் கூடிப் பேசுவதற்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நாலு பெற்றோர் கேட்டால் ஐந்தாம் மாதத்தில் ஏற்பாடு நடக்கும்.

சர்க்கார் பள்ளிக்குக் குழந்தைகளை அனுப்புகிறவர்களுக்கு இன்னும் பலமான உரிமை இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். அந்தக் குழு சுவருக்கு வர்ணம் அடிப்பதைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேசுவது அவசியந்தான். அதோடு, “எங்கள் டீச்சர் மாதத்தில் ஒரு நாள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய் வரட்டும், அன்று வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்” என்று தீர்மானம் போடலாம். உபாத்தியாயர் ஒரு நாள் வகுப்பில் இல்லையே என்று குறைகூறும் பழக்கத்தையும் நாம் விடவேண்டும். கோடரியைத் தீட்டுகிற நேரம் மரம் வெட்டுகிற நேரத்தில் சேர்ந்ததுதான்.

உபாத்தியாயர்களுக்கும் நாம் வணக்கத்துடன் ஒரு வார்த்தை சொல்லுவோம். உத்தரவு வருகிறவரையில் காத்திருக்க வேண்டாம். அடுத்த வகுப்பு உபாத்தியாயரை, “நாளைக்கு என் கழித்தல் கணக்கு வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்காருங்கள், பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்” என்று கூப்பிடுவதற்கு எந்த இலாகாவின் அனுமதியும் தேவையில்லை. கொஞ்சம் துணிவு மட்டும் தேவை. தன் பாடத்தை இன்னொருவர் பார்க்கச் சம்மதிப்பது சுலபமல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும், 36 என்று எழுதிவிட்டு, சரியா தவறா என்று தெரியாமல் நிமிர்ந்து பார்க்கிறதே ஒரு குழந்தை, அதற்கு அந்தக் கூச்சத்தைவிட அதிகமான உரிமை உண்டு.

கதவைத் திறவுங்கள், வாத்தியாரே! அடுத்த அறையிலும் ஒருவர் அதே கணக்கோடு காத்துக்கொண்டிருக்கிறார்.